தடை தாண்டும்போது இழுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்கு எந்த பிட் சரி?

காயடித்த ஒன்பது வயதுக் குதிரை. தடை இல்லாத சாதாரணப் பயிற்சியில், இரட்டை மூட்டு லூஸ் ரிங் ஸ்னாஃபிளில் (நெம்புகோல் இல்லாத எளிய பிட்; பிட் என்பது வாய்க்குள் போடும் கடிவாளத் தண்டு) சமர்த்தாக நடந்துகொள்கிறது. 90 சென்டிமீட்டர் தடையைக் கண்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு வேகம் பிடிக்கிறது; தாண்டி இறங்கிய பிறகு ஐந்தாறு எட்டு (அடிவைப்பு) வரை கைக்குள் வருவதில்லை. மூன்று வளைய பிட் போட்டு, கீழ் வளையத்தில் கடிவாள வாரை மாட்டியதும் இரண்டு வாரம் அருமையாக இருந்தது. இப்போது பழையதைவிட மோசம். இதைவிட வலுவான பிட் எது, பெல்ஹாமா (நெம்புகோலும் முகவாய்ச் சங்கிலியும் உள்ளது) வாட்டர்ஃபோர்டா (உருண்டைகளைக் கோத்தது) என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையைத் தூக்கி ஓடும் குதிரைக்கு அந்த மூன்று வளைய பிட் பொருந்தாது, இன்றே கழற்றிவிடலாம். வாயையும் முதுகையும் பரிசோதித்த பிறகு, வாய்க்குள் அதிகம் ஆடாத எக்பட் ஸ்னாஃபிளும் ரன்னிங் மார்ட்டிங்கேலும் (தலை மிக உயர எழாமல் தடுக்கும் வார்) போட்டு ஆரம்பியுங்கள். அது போதாவிட்டால் மூட்டே இல்லாத மல்லன் வாய் பெல்ஹாம், இரண்டு ஜோடி வாருடன். வாட்டர்ஃபோர்டு இந்தக் குதிரைக்கு வேண்டாம். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் குதிரைக்குச் சரியானது அடுத்த குதிரைக்குத் தவறாகப் போகலாம். காரணம் தெரிந்தால்தான் நீங்களே தேர்ந்தெடுக்க முடியும்.

பிட் வாயில் எங்கே உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி. அங்கே மெல்லிய ஈறு, அதற்கு அடியில் உடனே எலும்பு விளிம்பு. அந்த இடைவெளியை நாக்கு தடித்துப் பரந்து அடைத்துக்கொண்டிருக்கும். பல குதிரைகளுக்கு வாயை மூடினால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே இடமே மிஞ்சாது. ஆகவே எந்த பிட் போட்டாலும் அழுத்தம் முதலில் விழுவது பெரும்பாலும் நாக்கின் மேல்தான். அப்புறம் வாயோரம், ஈறு விளிம்பு. நெம்புகோல் போல வேலை செய்யும் பிட்டுகளில் பிடரி உச்சியும், சங்கிலி இருந்தால் முகவாய்ப் பள்ளமும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

இப்போது உங்கள் மூன்று வளைய பிட்டைப் பாருங்கள். மேல் வளையத்தில் கன்ன வார், நடுவில் பெரிய வளையத்தில் வாய்த்தண்டு, கீழ் வளையத்தில் கடிவாள வார். கீழே இழுத்தால் மொத்த பிட்டும் சுழலும்; கன்ன வார் இழுபட்டுப் பிடரியைக் கீழே அழுத்தும். இந்த பிட்டில் முகவாய்க்குச் சங்கிலி கிடையாது. சுழற்சியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால் வாய்த்தண்டு நாக்கின் மேலும் ஈறின் மேலும் வழுக்கி வாயோரத்தை மேல்நோக்கி இழுக்கும். ஒரே நேரத்தில் பிடரி தலையை இறக்கச் சொல்கிறது, வாயோரம் தலையை ஏற்றச் சொல்கிறது. தலையைக் கீழே போட்டு இழுக்கும் குதிரைக்கு இந்த ஏற்றும் குணம் சில சமயம் உதவும். ஏற்கெனவே தலையைத் தூக்கும் குதிரை இன்னும் தூக்கும், முதுகைக் குழிக்கும், பிட்டை விட்டு மேலே தப்பித்து ஓடும்.

லாயத்தில் குதிரை நிற்கும்போதே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று கீழ் வளையத்து வாரை மெதுவாக, தாண்டும்போது நீங்கள் பிடிக்கும் கோணத்திலேயே பின்னுக்கு இழுங்கள். வாயோரம் எவ்வளவு மேலே சுருங்குகிறது, கன்ன வார் எங்கே இறுகுகிறது, எங்கே தொய்கிறது என்று பாருங்கள். பிறகு விடுங்கள். கையைத் தளர்த்திய பிறகும் பிட் பழைய இடத்துக்கு வந்து சேரச் சற்று நேரம் எடுக்கும். ஸ்னாஃபிளில் கை தளர்ந்ததுமே வாயும் தளர்ந்துவிடும். இந்தத் தாமதம்தான் உங்கள் சிக்கலின் மையம் என்று நினைக்கிறேன்.

குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, அழுத்தம் விலகும் நொடியிலிருந்து. வேகத்தைக் குறைத்தது, உடனே வாய் லேசானது. சரி, இதைத்தான் கேட்டார்கள் என்று அதற்குப் புரியும். குறைத்த பிறகும் அழுத்தம் நீடித்தால், குறைத்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. புது பிட் போட்ட முதல் சில நாட்கள் அது பழக்கமில்லாத அழுத்தம் என்பதால் குதிரை தயங்கித் தயங்கிப் போகும். நாமோ புது பிட் வேலை செய்கிறது என்று பூரித்துப் போய் அதே பிடியில் தொடர்வோம். விடாத அழுத்தம் குதிரைக்கு மரத்துப்போய்விடும். இரண்டு வாரத்தில் உங்களுக்கு நடந்தது இதுதான். அடுத்து இன்னும் கடுமையானதை வாங்கினால் இன்னொரு இரண்டு வாரம் கிடைக்கும். அதற்குப் பிறகு போக இடம் இருக்காது. பிட் தேர்வில் நான் பார்ப்பது ஒன்றே: குதிரை பதில் சொன்ன நொடியில் நான் விட்டதை இந்த பிட் உடனே அதற்குத் தெரியப்படுத்துமா?

ஆனால் பிட்டுக்கு முன்னால் வாய். பகல் வெளிச்சத்தில், ஹால்ட்டர் (பிட் இல்லாத தலைக்கட்டு) மட்டும் போட்டு நிறுத்துங்கள். பல் இல்லாத இடைவெளி வழியாக வாயோரத்தில் கட்டைவிரலை விட்டு உதட்டை மெல்ல வெளியே விரித்துப் பாருங்கள். பச்சையாகச் சிவந்த தோல், வெளுத்த பழைய வடு, உள்பக்கம் முதல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் ஊதா நிறக் கன்றல், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் விரல் நுனியால் கீழ் ஈறு விளிம்பை முன்னும் பின்னும் தடவுங்கள். வழவழப்பாக ஓட வேண்டும். எங்காவது முடிச்சுப் போலத் தட்டினாலோ, அந்த இடத்தில் குதிரை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாலோ அங்கே எலும்பு உறை புண்பட்டிருக்கலாம். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஃபின்லாந்தில் கிராஸ் கன்ட்ரி (திறந்த வெளித் தடை ஓட்டம்) முடித்து வந்த 208 ஈவென்டிங் (டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, தடைதாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டி) குதிரைகளின் வாயைப் பரிசோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் பிட் படும் இடங்களில் புதுக் காயம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாயில் வெளியே ரத்தம் தெரியவில்லை. உதட்டை விரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் காயங்கள் அவை.

காயம் இருந்தால் அது ஆறும்வரை வாயில் எதையும் போடாதீர்கள். கடைவாய்ப் பற்களின் கூர் விளிம்புகளையும், மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு ஓநாய்ப் பற்களையும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பல் பரிசோதனை எல்லாக் குதிரைக்குமே தேவை. கூடவே முதுகு, பின்கால் முழங்கணு, சேணத்தின் பொருத்தம், வயிற்றுப் புண். தரையில் சமர்த்தாக இருந்து தடையில் மட்டும் ஓடும் குதிரை என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் முதுகும் பின்காலும்தான். தாவி எழும்போதும் இறங்கும்போதும் வலித்தால், வலியிலிருந்து தப்பிக்க ஓடுவதுதான் குதிரையின் இயல்பு. அதை முன்னால் பிடித்து நிறுத்த முயன்றால் வலி இரண்டு இடத்தில் ஆகிவிடும்.

உடம்பில் குறை இல்லை என்றால், அது எந்த நொடியில் இழுக்கிறது என்று யாரையாவது பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தடைக்கு முன்னால் ஓடுவதும் பின்னால் ஓடுவதும் வேறு வேறு விஷயங்கள். முன்னால் ஓடுவது பெரும்பாலும் பதற்றம், தூரம் புரியாமை. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒற்றை எட்டு இடைவெளி விட்டு வைத்த இரண்டு தடைகளுக்கு நடுவே சுமார் 7.2 மீட்டர் இருக்கும்: இறங்க 1.8, ஒரு கேன்டர் (மிதமான பாய்ச்சல்) எட்டு 3.6, மறுபடி எழும்ப 1.8. உங்கள் குதிரை வேகத்தில் 2.1 மீட்டர் தள்ளி இறங்கி, 4 மீட்டருக்கு எட்டு வைத்தால் எழும்ப மிஞ்சுவது 1.1 மீட்டர்தான். தடையின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு, தலையை வீசி, முன்காலால் கம்பியைத் தட்டிக்கொண்டுதான் தாண்டும். அடுத்த முறை அந்த இடம் வரும்போது முன்கூட்டியே பதறும், இன்னும் வேகமாகப் போகும். எந்த பிட்டும் இந்தச் சுழலை அவிழ்க்காது. தடையைத் தாழ்த்தி, கேன்டரைச் சுருக்கக் கற்றுக்கொடுத்தால் அவிழும்.

தாண்டிய பிறகு ஓடுவதில் சமநிலைக்கும் நம் கைக்கும் பங்கு அதிகம். தடைக்கு மேலே குதிரை கழுத்தை நீட்டித் தலையை இறக்கித்தான் உடம்பைச் சமன் செய்கிறது. அந்த நேரம் வார் இறுகினால் வாயில் அடி விழும்; குதிரை முதுகைக் குழித்து, தலையைத் தூக்கி, தட்டையாகத் தாண்டி, முன்கால்களில் பாரத்தைப் போட்டு இறங்கும். பாரம் முன்னால் போன குதிரை விழாமல் இருக்கவே ஓடியாக வேண்டும். அதனால் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, தடைக்கு மேலே அதில் ஒரு விரலை மாட்டிக்கொள்ளுங்கள். கை முன்னே போய்ச் சேரவில்லை என்றாலும் அடி பட்டையில் விழும், வாயில் விழாது. இறங்கியதும் முதல் எட்டில் இழுக்காதீர்கள். முதல் எட்டில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து உடம்பைப் பின்னுக்குக் கொண்டுவருவது போதும். இரண்டாவது எட்டில் ஒரு பிடி, உடனே ஒரு விடுதல், மறுபடி ஒரு பிடி. விடாமல் இழுத்தால் குதிரை சாய்ந்து கொள்ள நீங்களே ஒரு சுவரைக் கொடுத்ததாக ஆகிவிடும். வலு என்று வந்தால் ஐந்நூறு கிலோ உடம்போடு நாம் ஜெயிக்கப் போவதில்லை.

இனி பிட்டுக்கு வருவோம். எக்பட் ஸ்னாஃபிளை முதலில் சொல்லக் காரணம், அதன் வளையம் வாய்த்தண்டோடு இணைந்து நிற்பதால் வாய்க்குள் ஆட்டம் குறைவு. தலையைத் தூக்கும் குதிரைகளில் கணிசமானவை தேடுவது அசையாத, நம்பத்தக்க ஒரு தொடர்பைத்தான். இரட்டை மூட்டில் நடுத்துண்டு வழவழப்பான உருண்டையாக இருக்கட்டும். டாக்டர் பிரிஸ்டல் என்ற வகையில் அந்த நடுத்துண்டு தட்டையாக, சாய்ந்து நாக்கில் பதியும். தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், வேலையில் கடுமை. வாங்கும்போது விரலில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ரன்னிங் மார்ட்டிங்கேல் தலை ஓர் அளவுக்கு மேல் எழும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும். தலை சரியான உயரத்தில் இருக்கும்போது கையிலிருந்து வாய்வரை வார் நேர்கோடாக இருந்தால் அளவு சரி. நடுவில் கீழே மடங்கினால் மார்ட்டிங்கேல் குட்டை. வாரில் தடுப்புத் துண்டு மாட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மார்ட்டிங்கேல் வளையம் பிட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இது போதவில்லை என்றால் பெல்ஹாம். இதில் முகவாய்ச் சங்கிலி இருப்பதால் பிட் ஓர் அளவுக்கு மேல் சுழலாது, வாயோரத்தை மேலே இழுக்காது. பிடரியும் முகவாயும் சேர்ந்து தலையை இறக்கி மூக்கை உள்ளே கொண்டுவரச் சொல்கின்றன. ஒன்றுக்கொன்று முரண் இல்லாத செய்தி. மல்லன் வாய் என்பது மூட்டில்லாத, லேசாக வளைந்த தண்டு. அது நாக்கின் மேல் அழுத்தத்தைப் பரப்பி விடும். இருந்தாலும் இது லேசான பிட் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கக் கம்பி வாய்த்தண்டுக்கு மேலே 5 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழ் வாரில் நீங்கள் ஒரு கிலோ இழுத்தால் சங்கிலியில் சுமார் இரண்டு கிலோவும் வாய்த்தண்டில் மூன்று கிலோவும் விழும். கீழ்த்தாடை நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் குட்டையான பக்கக் கம்பியும் இரண்டு ஜோடி வாரும் வேண்டும் என்கிறேன். சாதாரண நேரம் முழுக்க மேல் வார்; அது ஸ்னாஃபிள் போல வேலை செய்யும். கீழ் வார் தொய்ந்தே கிடக்கட்டும். இறங்கிய இரண்டாவது எட்டில் மேல் வாரைக் கேட்கவில்லை என்றால் மட்டும் கீழ் வார், ஒரு நொடி. இரண்டு வளையத்தையும் சேர்த்து ஒரே வாராக்கும் தோல் இணைப்பு உண்டு. கைக்கு வசதிதான். ஆனால் எப்போது எது வேலை செய்கிறது என்பது குதிரைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு வாரைப் பிடிக்க வரவில்லை என்றால் ஒரு மாதம் தடை இல்லாமல் பழகிவிட்டுத் தடைக்குப் போங்கள்.

சங்கிலியை வலமாக முறுக்கி, திருகல் இல்லாமல் தட்டையாக முகவாய்ப் பள்ளத்தில் படும்படி மாட்ட வேண்டும். பக்கக் கம்பி ஏறக்குறைய 45 பாகை பின்னால் சாயும்போது சங்கிலி தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் குதிரைக்கு இடைவிடாத நெருக்கடி; மிகவும் பின்னால் போய்த் தொட்டால் பெல்ஹாமும் வாயோரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். சங்கிலிக்கு ஒரு தோல் அல்லது ஜெல் உறை போட்டால் உராய்வு குறையும்.

வாட்டர்ஃபோர்டு உருண்டைகளைக் கோத்த சங்கிலி மாதிரி இருக்கும். சாய்ந்துகொள்ள நிலையான இடம் கிடைக்காது என்பதால் பிட்டில் பாரத்தைப் போட்டுத் தொங்கும் குதிரைக்கு அது பயன்படும், அதுவும் மென்மையான கைகளில். தலையைத் தூக்கும் குதிரை அந்த அசைவிலிருந்து இன்னும் மேலே தப்பிக்கும். வாரை இடமும் வலமும் மாற்றி அறுப்பதுபோல இழுக்கும் பழக்கம் இருந்தால் அது வாயைப் புண்ணாக்கும்.

மற்ற வகைகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன், பக்கவாட்டில் எடுத்த உங்கள் படத்தில் வேறு ஏதாவது தெரிந்தால் உதவும். மூக்கை மார்போடு ஒட்டிக்கொண்டு ஓடும் குதிரைக்கு நெம்புகோல் எதுவும் கூடாது. ரப்பர் அல்லது மல்லன் ஸ்னாஃபிள் மாதிரி, அது நம்பித் தொடக்கூடிய ஒன்றைக் கொடுத்து முன்னே வரவழைக்க வேண்டும். ஒரு பக்கமே இழுத்தால் பல்லும் அந்தப் பக்கத்துப் பின்காலும். அவை சரி என்றால் ஃபுல் சீக் (பக்கங்களில் நீண்ட கம்பி உள்ளது) அல்லது டி ரிங் (D வடிவ வளையம் உள்ளது), பக்கவாட்டில் பிட் வழுக்காமல் இருக்கும். நாக்கை பிட்டுக்கு மேலே போட்டுக்கொண்டால் நாக்குக்கு இடம் விடும் வளைவுள்ள தண்டு. வாயில் எதைப் போட்டாலும் பதறும் குதிரைக்கு, பிட் இல்லாமல் மூக்கில் அழுத்தும் ஹேக்கமோர் ஒரு வழி. நிறுத்துவதில் கெட்டி, திருப்புவதில் மந்தம். மூக்குப் பட்டை மூக்கெலும்பின் உறுதியான பகுதியில் உட்கார வேண்டும். கீழே குருத்தெலும்பு வரை இறங்கினால் மூச்சை நெருக்கும்.

வாயைப் பிளந்து தப்பிக்கிறது என்று மூக்குப் பட்டையை இறுக்கிக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். வாயைத் திறப்பது அழுத்தம் தாங்கவில்லை என்று குதிரை சொல்லும் ஒரு வழி. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். எஃப்.இ.ஐ (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) 2025இல் கொண்டுவந்த அளவுகோல் மூக்கெலும்பின் மேல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளியைச் சோதிக்கிறது.

அளவும் முக்கியம். தண்டை நேராக்கிப் பிடித்தால் வாயோரத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் சுமார் அரை சென்டிமீட்டர் இருக்கலாம். லூஸ் ரிங் என்றால் தோல் கிள்ளாமல் இருக்க இன்னும் சற்று. அகலம் கூடினால் பிட் பக்கவாட்டில் ஓடி மூட்டு தப்பான இடத்தில் விழும். தடிமனான தண்டு மென்மையானது என்பது எல்லா வாய்க்கும் பொருந்தாது. நாக்கு தடித்து அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு 18 மில்லிமீட்டர் தண்டைத் திணித்தால் வாயை மூடவே முடியாது. 14 அதற்கு இதமாக இருக்கும்.

புது பிட்டை ஒருபோதும் தடையில் முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். வேலி போட்ட மைதானத்தில் நடையிலும் டிராட்டிலும் (மெதுவோட்டம்) நிற்கவும் திரும்பவும் பழகட்டும். பிறகு தரையில் கம்பிகள், பிறகு 50 சென்டிமீட்டர் குறுக்குக் கம்பித் தடை ஒன்று. அதற்கு முன்னால் 2.5 மீட்டர் அளவில் ஒரு தரைக் கம்பி வைத்து டிராட்டில் வாருங்கள். எங்கே எழும்ப வேண்டும் என்பதைக் கம்பியே சொல்லிவிடும். தாண்டி நேர்கோட்டில் நான்காவது எட்டில் டிராட், பிறகு நிறுத்தம், வாரைத் தளர்த்திக் கழுத்தில் தட்டிக்கொடுத்தல். நிற்கவில்லை என்றால் இழுத்து நிறுத்தாமல் பெரிய வட்டத்தில் திருப்புங்கள்; வட்டம் தானே வேகத்தைத் தின்றுவிடும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிட்டும் மூக்குப் பட்டையும் பயிற்சியும் ஒன்றாக மாறினால் எது பலித்தது என்று தெரியாது. குதிரை வாயை மென்மையாக மெல்லுகிறதா, காதுகள் தடையை நோக்கி இருக்கின்றனவா, இறங்கியதும் கழுத்து நீளமாகவே இருக்கிறதா என்று கவனியுங்கள். தலை அசைப்பு, நாக்கைத் தொங்கவிடுதல், தடைக்கு முன் தயக்கம் ஆகியவை வந்தால் அந்த பிட் அதற்குக் கடுமை. தாண்ட மறுக்கத் தொடங்கிய குதிரையைச் சரிசெய்வது ஓடும் குதிரையைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

பெல்ஹாம் பிடித்துப் போனாலும் அன்றாடப் பயிற்சியை ஸ்னாஃபிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; உயரமான தடைக்கும் திறந்த வெளிக்கும் மட்டும் பெல்ஹாம். போட்டிக்குப் போவதானால் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எஃப்.இ.ஐ தடைதாண்டும் போட்டிகளில் பிட் வகைக்குப் பரந்த அனுமதி உண்டு, காயப்படுத்தும் என்று தோன்றினால் நடுவர்கள் தடுக்கலாம். ஈவென்டிங்கில் டிரெஸ்ஸாஜ் (தடையில்லாத ஒழுங்கு நடை) பகுதிக்குப் பெல்ஹாம் செல்லாது, அங்கே பொதுவாக ஸ்னாஃபிள்தான். தேசிய, இளையோர் போட்டிகளுக்குத் தனி விதிகள் இருக்கும். அந்தந்தக் கூட்டமைப்பின் அந்த வருடப் பட்டியலில் உங்கள் பிட்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தண்டின் வடிவம் வேறாக இருந்தால் அனுமதிக்க மாட்டார்கள்.